பிழை பூஜ்யம்

காதுல மாட்டியிருந்ததைக் கழட்டினீங்களே, அதுக்கே ஒரு கும்பிடு சார். பக்கத்து சீட்டுக்காரன் வாயைத் திறந்தா சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிறவங்கதான் இப்ப அதிகம். அந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க, என் காலடியில வைங்க. ரோஜாக் கன்னா? ஆம்பூருக்கா? நல்லது. வெயில் ஏறுறதுக்குள்ள போய்ச் சேர்ந்தா பிழைச்சுக்கும். ஆனா போய்ச் சேர்ற மாதிரி தெரியலையே. முன்னால ஒரு கன்டெய்னர் லாரி ரோட்டுக்குக் குறுக்கே சாஞ்சு கிடக்குதாம். கண்டக்டர் நடந்துபோய்ப் பார்த்துட்டு வந்து இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லிட்டார். டிரைவர் துண்டை விரிச்சு முகத்துல போட்டுக்கிட்டார் பாருங்க. அதுக்கப்புறம் நாம கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணும் இல்ல.

எதிர்ப்பக்கம் பாருங்க. ஓசூர் போற வண்டியெல்லாம் தண்ணி மாதிரி ஓடுது. நான் எந்தப் பக்கம் ஏறினாலும் அந்தப் பக்கம்தான் அடைச்சுக்கும். அது என் ராசி.

இருங்க, போன்.

ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரம்மா. அடிச்சு ஓயட்டும்.

என் பேர் தணிகாசலம். ஊரு சோளிங்கர் பக்கம், இருக்கிறது ஓசூர்ல, வேலை எலக்ட்ரானிக் சிட்டியில. ராத்திரி வேலை. இப்பக்கூட வேலை முடிச்சு, கம்பெனி வண்டி ஓசூர்ல இறக்கிவிட்டதும் வீட்டுக்கே போகாம நேரா இந்த பஸ்ல ஏறிட்டேன். வாணியம்பாடியில என் வீட்டுக்காரியோட அக்கா வீடு. அம்சவேணி அங்கதான் இருக்கா. அம்சவேணின்னா இப்ப அடிச்சாளே, அவதான். கூட்டிட்டு வரலாம்னு போறேன்.

ஏன் எடுக்கலைன்னா, எடுத்தா அவ என்ன சொல்வான்னு எனக்குத் தெரியும் சார். தையல் மிஷினை லாரியில போட்டு அனுப்புங்கன்னு சொல்வா. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் காதால கேட்டுட்டோம்னா அப்புறம் அது முடிவாயிடும். கேக்காத வரைக்கும் முடிவு இல்ல. நேர்ல போய் நின்னா சொல்ல மாட்டா. அதனால நின்னுடறதுன்னு போறேன். புரியுதுங்களா? இத்தனை வருஷம் கூட இருந்தவன், அவ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிஞ்சுடும். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல.

வேலையா? என்னன்னு சொல்றது. எண்ணுற வேலை. பிழை எண்ணுறது.

உங்க ரோஜாவைப் படம் எடுத்து ஆம்பூருக்கு அனுப்பறீங்கன்னு வைங்க. அது படமாப் போகாது. ஒண்ணு, பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணுன்னு கம்பி வழியா ஓடும். ஒரு ஒண்ணோ ஒரு பூஜ்யமோ, அதுதான் ஒரு பிட். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கோடிக்கணக்குல ஓடும். அந்தக் கடைசியில ஒரு சிப் உட்கார்ந்து, இது ஒண்ணு, இது பூஜ்யம்னு பிரிச்சு எடுக்கணும். அதுதான் ரிசீவர். ஒண்ணைப் பூஜ்யம்னு எடுத்துட்டா அது ஒரு பிழை. அதைக் குறைக்கிறதுதான் எங்க லேபோட பிழைப்பு. பிழையால பிழைக்கிறோம்னு ரகோத்தமன் சார் சொல்லிச் சிரிப்பார். அவர் மேனேஜர். அவர் சிரிச்சா நாங்களும் சிரிக்கணும்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு மைக்கைக் கேட்டிருக்கீங்களா? 'கிருஷ்ணகிரி'ன்னு சொல்லி வாய் மூடறதுக்குள்ள 'தர்மபுரி'ன்னு ஆரம்பிச்சுடுவான். கிருஷ்ணகிரியோட வால் சுவத்துல முட்டித் திரும்பி வந்து தர்மபுரி தலையில ஏறி உட்காரும். ஜனங்க தப்பு பஸ்ல ஏறும். வேகம் கூடக்கூடக் கம்பிக்குள்ளயும் அதே கூத்துதான். முந்தின பிட்டோட மிச்சம் அடுத்த பிட் மேல விழும். அதுக்கு ரிசீவர்ல ஒரு வித்தை வச்சிருக்காங்க. இப்பத்தான் ஒண்ணு வந்தது, அதோட மிச்சம் இவ்வளவு இருக்கும், அதைக் கழிச்சுட்டு இதைக் கேப்போம்னு, கழிச்சுக் கழிச்சுக் கேக்கும். நல்ல வித்தை. ஆனா அதுல ஒரு வம்பு. முந்தினதைத் தப்பா எடுத்திருந்தா? இல்லாததைக் கழிக்கும். அப்ப இதுவும் தப்பாப் போகும். இது தப்பானதால அடுத்ததும் தப்பு. பூ கோக்கிற மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணாப் போய்க்கிட்டே இருக்கும்.

புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரியா? நல்லாச் சொன்னீங்க சார். உங்க வீட்ல அப்படியா? பாவம்.

நான் இதெல்லாம் காலேஜ்ல படிச்சவன் இல்ல. பத்தாவதோட சரி. டி.வி. ரிப்பேர் கடையில பெட்டியைப் பிரிச்சுப் பிரிச்சுக் கத்துக்கிட்டது. அப்புறம் கேபிள் டி.வி., அப்புறம் இந்த லேப். இங்கிலீஷ்ல புத்தகம் புத்தகமா இருக்கும். டிக்‌ஷனரியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருவேன். என்ஜினியருங்க எல்லாம் பகல்ல. அவங்க சொல்லிட்டுப் போறதை ராத்திரி முழுக்க ஓட்டி, எத்தனை பிழைன்னு காலையில சொல்றது நான். ரூம் எப்படி இருக்கும்னா, வெளியில இருந்து ஒரு அலை உள்ள வரக் கூடாதுன்னு நாலு பக்கமும் இரும்புத் தகடு. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினா போன் செத்துடும். உள்ள நானும் மிஷின் ஃபேனும்தான். மழை பெய்ஞ்சதே காலையில செருப்பு போடும்போதுதான் தெரியும்.

ராத்திரியில அம்சவேணி கூப்பிட்டா நான் கிடைக்க மாட்டேன். அதனால கூப்பிடறதையே விட்டுட்டா. புத்திசாலி.

பகல்ல நான் தூங்குவேன். அவ வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிறவ. நான் தூங்கிற வரைக்கும் மிஷினைத் தொட மாட்டா. நான் கண் முழிச்சேனோ இல்லையோ, கடகடன்னு ஆரம்பிச்சுடுவா. ஏன் சொல்லுங்க? காபி குடிக்கிற நேரத்துல மனுஷனை நிம்மதியா இருக்க விடக் கூடாதுன்னுதான். வெறுப்பு காட்டறதுலயும் ஒரு தினுசு.

இந்த ஐப்பசியில ஒரு புது ரிசீவர் போர்டு வந்தது. வெளியூர்க்காரன் ஒருத்தன் வாங்க வர்றான், பார்த்து திருப்தியானா பெரிய ஆர்டர்னு பேச்சு. ராத்திரிக்கு அஞ்சாறு பிழை வந்துக்கிட்டு இருந்தது. அந்த வேகத்துக்கு அது ஒண்ணுமே இல்ல, ஆனா எனக்குத் தூக்கம் பிடிக்கல. பிழை விழுந்தா திரையில ஒரு சின்னச் சிவப்பு. ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், அந்தச் சிவப்பு என்ன பண்ணும்னு.

இதைக் கவனமாக் கேளுங்க, இங்கதான் என் வழக்கு இருக்கு. ரிசீவரை வேலைக்கு விடறதுக்கு முன்னால அதுக்குப் பாடம் எடுக்கணும். என்ன வரப்போகுதுன்னு அதுக்கு முன்கூட்டியே கொடுத்துடுவோம். வர்றதையும் கையில இருக்கிறதையும் ஒத்துப் பார்த்து, மிச்சம் எவ்வளவு விழுது, எவ்வளவு கழிக்கணும்னு கத்துக்கும். கத்து முடிச்சதும் பாடத்தை நிறுத்திடணும். அதுக்கப்புறம் தன் காதை நம்பித்தான் ஓடணும். அதுதான் முறைன்னு எழுதி வச்சிருக்கான்.

ஒரு நாள் பாடத்தை நிறுத்தாமலே ஓட்டினேன். காலையில பார்த்தா ஒரு சிவப்புகூட இல்ல.

நீங்களே சொல்லுங்க. நாங்க சோதனைக்கு அனுப்புறதும் அதே பாடம்தான். எப்படியும் அதுதான் வரப்போகுது. என்ன வரும்னு அதுக்குத் தெரிஞ்சிருந்தா என்ன குடி முழுகிப் போச்சு? தெரிஞ்சிருக்கிறது ஒரு குத்தமா? மறுநாளும் அப்படியே விட்டேன். அதுக்கு மறுநாளும். திரையில சிக்னலை வரைஞ்சு காட்டும், கண் மாதிரி ஒரு உருவம் வரும். கண் திறந்திருந்தா ரிசீவருக்கு நல்லாக் கேக்குதுன்னு அர்த்தம். அந்தக் கண் அகலத் திறந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்கும். வாரக் கணக்குல பிழை பூஜ்யம். ரகோத்தமன் சார் என்னை எல்லாருக்கும் முன்னால கூப்பிட்டு நிக்க வச்சு, தணிகாசலம் கை பட்டா பிழையே பயப்படுதுன்னார். மைசூர்பாகு கொடுத்தாங்க. ஒரு துண்டை டிஷ்யூவுல மடிச்சு வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்சவேணி ஒரு கடி கடிச்சுட்டு, நல்லா இருக்கு, ஆனா நான் ஒண்ணுன்னு ஆரம்பிச்சா. ஆனா நெய் கம்மி, அதானே, அப்படின்னு முடிச்சு வச்சேன். சிரிச்சா. நெய் கம்மிதான்.

பாருங்க, திரும்ப அடிக்குது. வைப்ரேஷன்ல போட்டிருந்தாலும் தொடை நடுங்குது. அடிக்கட்டும்.

இல்ல சார், அவசரமா இருக்காது. அவளுக்கு எதுவும் அவசரம் கிடையாது. எதையும் சொல்றதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுத்து நிப்பா. அந்த மூச்சுலயே எனக்குப் பதில் வந்துடும்.

விட்ட இடத்துக்கு வர்றேன். வெளியூர்க்காரன் வந்தான். நான் ராத்திரி வேலை முடிச்சும் வீட்டுக்குப் போகாம, இஸ்திரி போட்ட சட்டையை மாத்திக்கிட்டு ஓரமா நின்னேன். எங்க பாடத்தை ஓட்டிக் காட்டினோம். பூஜ்யம். தலையை ஆட்டினான். அப்புறம் பையில இருந்து ஒரு டப்பாவை எடுத்து, இதுல இருக்கிறதை அனுப்புங்க, இது நிஜமா ஜனங்க அனுப்பினதுன்னான். மாட்டினாங்க. அவ்வளவுதான் சார். திரை முழுக்கச் சிவப்பு. அம்மை போட்ட மாதிரி. அந்தக் கண் இருந்துச்சே, அப்படியே மூடிக்கிச்சு.

பெனடிக்டுன்னு ஒரு பையன். பையன்னா என்ஜினியர், நாகர்கோவில். என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவான், தப்பு சொல்லக் கூடாது. அவன் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தான். அப்புறம் சொன்னான், "அண்ணா, இது இத்தனை நாளும் கேக்கவே இல்லண்ணா. பதிலைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது. இவர் அனுப்பினதையும் நம்ம பாடம்னே நினைச்சுக் கழிச்சிருக்கு."

எல்லாருக்கும் முன்னால சார். தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம் இல்ல? மெதுவாத்தான் சொன்னான், ஆனா அந்த ரூம்ல மெதுவாச் சொன்னா இன்னும் நல்லாக் கேக்கும். நான் கேட்டேன், "அப்ப நான் காட்டின பூஜ்யம் பொய்யா தம்பி?" அதுக்கு அவன், "பொய் இல்லண்ணா. பூஜ்யம்தான்" அப்படின்னான். அதுல என்ன குத்தல் இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

ரகோத்தமன் சார் அன்னைக்குச் சிரிக்கல. இனிமே போர்டை மாட்டுறது, கழட்டுறது மட்டும் பார்த்துக்கோங்கன்னார். அதையாவது விடுங்க. ராத்திரி போய் மிஷின் முன்னால உட்கார்ந்து பாஸ்வேர்டு போடறேன், எடுக்கல. திரும்பப் போடறேன், எடுக்கல. மாத்திட்டாங்க சார். ஒரு வார்த்தை சொல்லல. இத்தனை வருஷம் உட்கார்ந்த நாற்காலி, என் கை அழுக்குப் படிஞ்ச கீ போர்டு, கதவுக்கு வெளியில நிக்கிறவன் மாதிரி நின்னேன். ஒரு மனுஷனை அதைவிடக் கேவலப்படுத்த முடியாது. மூஞ்சியில துப்பினாலும் துடைச்சுக்கலாம்.

அன்னைக்கு ராத்திரி முழுக்க அந்த இரும்பு ரூம்ல சும்மா உட்கார்ந்திருந்தேன். காலையில வீட்டுக்கு வந்தா, அம்சவேணி கதவுகிட்டயே நிக்கிறா. தலை வாரி, வெளியில போற சேலை கட்டி. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. சொல்லிட்டு அந்த மூச்சு. எனக்குக் கண்ணெல்லாம் எரியுது. "உங்க அக்கா வீட்டுக்குப் போகணும், அதானே? போ"ன்னேன். "அது இல்லங்க"ன்னா. "அது இல்லன்னா வேற என்ன, இந்த ஆள்கூட வாழ முடியாது, அதானே? அதுக்கும் அக்கா வீடுதானே, போ"ன்னேன். அப்புறம் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எங்க போனா? அக்கா வீட்டுக்கு. நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?

நீங்க என்ன சார் இப்படிக் கேக்கறீங்க. என்ன சொல்ல வந்தாங்கன்னா? அதான் சொன்னேனே. அக்கா வீடு.

போனப்ப சாவியைக் கொடுத்துட்டுப் போகல. அதை நான் கவனிச்சேன். நான் ராத்திரி வேலைக்குப் போன நேரமாப் பார்த்து வந்து தையல் மிஷினைத் தூக்கிட்டுப் போறதுக்குத்தான் சாவி. வேற எதுக்கு வச்சுக்கணும்? விடுவேனா. பூட்டுக் கடைக்குப் போய், புதுப் பூட்டு வாங்கி, கதவுல நானே மாட்டினேன். ஸ்க்ரூ ஒண்ணுகூடக் கோணல் இல்ல. கீழ் வீட்டு ஓனர் பார்த்துட்டு, ஏன் தணிகாசலம், பழைய பூட்டு நல்லாத்தானே இருந்ததுன்னார். முன்னெச்சரிக்கைன்னேன். மிஷின் இங்க இருக்கிற வரைக்கும் அவ திரும்பி வரத்தானே வேணும்? அது ஒரு பிடி.

மிஷின் மேல துணி போட்டு மூடி வச்சிருக்கேன். இப்பெல்லாம் கண் முழிச்சா வீட்ல ஒரு சத்தமும் இல்ல. லேப்லயும் ஃபேன் சத்தம், வீட்லயும் ஃபேன் சத்தம். சில நாள் எங்க இருக்கேன்னே படுத்தபடி ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கு.

அதோ, மூணாவது தடவை.

சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க. இப்படிப் பண்ணலாம். நீங்க எடுங்க. அவர் அசந்து தூங்கறார், பக்கத்து சீட்டுல இருக்கேன்னு சொல்லுங்க. ஒரு சோதனையாவே வச்சுக்கலாம். அவ என்ன சொல்வான்னு நான் முன்னாலேயே சொல்லிட்டேன், தையல் மிஷினை அனுப்பி வைக்கச் சொல்லுங்கன்னு சொல்வா. நீங்க கேட்டுட்டு ஒத்துப் பாருங்க. என்கிட்டச் சொல்ல வேண்டாம், சும்மாத் தலையை மட்டும் ஆட்டுங்க. அப்பக் காதால கேட்ட பாவமும் எனக்கு இல்ல. பச்சையைத் தள்ளுங்க. ம்.

...

என்ன, தலையை ஆட்ட மாட்டேங்கறீங்க?

வச்சுட்டாளா? என்ன சொன்னா? பரவாயில்ல, வாயாலேயே சொல்லுங்க. மிஷின்தானே?

வீட்டு வாசல்லயா? எந்த வீட்டு வாசல்ல? ஓசூர்லயா?

இருங்க, நீங்க சரியாக் கேக்கல. அவ வாணியம்பாடியில இருக்கா. நான்தான் அங்க போறேன். வெளியில ஹாரன் சத்தம் வேற, நடுவுல ஏதாவது... என்ன? முதல் வண்டியில வந்துட்டாளாமா? இந்த நேரத்துக்கு நான் வீட்ல இருப்பேன்னா? ஆமா, இருப்பேன். எப்பவும் இருப்பேன். அவளுக்குத்தான் தெரியுமே நான் எப்ப வருவேன், எப்பப் படுப்பேன்னு. அப்ப அந்தப் பக்கம் தண்ணி மாதிரி ஓடிச்சே, அதுல...

சாவி நுழையலன்னாளா.

நுழையாது சார்.

அப்புறம்? எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லுங்க. நீங்க எதையும் சேர்க்காதீங்க. "அன்னைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லிட்டு, மிஷின்ல உக்காரலாம்னு வந்தேன். பூட்டை மாத்திட்டாரு. எனக்குப் புரிஞ்சுது. தூங்கட்டும், எழுப்பாதீங்க."

எழுப்பாதீங்கன்னாளா.

புரிஞ்சுதுன்னா என்ன சார் அர்த்தம்? என்ன புரிஞ்சுது அவளுக்கு? அவ நினைக்கிறதுக்கு இல்ல நான் பூட்டை மாத்தினது. அவளை வெளியில நிறுத்தறதுக்கு இல்ல. அவ வரணும்னுதானே மாத்தினேன். இதை ஒருத்தர் கேட்டா எப்படி எடுத்துக்குவாங்க, நீங்களே... சரி விடுங்க, விடுங்க. போனைக் கொடுங்க.

என்னது, வண்டி எடுக்கறாங்களா? இப்பவா? கண்டக்டர், கண்டக்டர், நான் இறங்கணும். கொஞ்சம் நிறுத்துங்க. இல்ல, வாந்தி எல்லாம் இல்ல. வீட்ல... என்ன, கிருஷ்ணகிரி டோல்கேட்லதானா? இவ்வளவு நேரம் நின்னுச்சே, அப்ப இறங்க வேண்டியதுதானேன்னு கேக்கறார் பாருங்க. அதுவும் சரிதான். இவ்வளவு நேரம் கதவு திறந்துதான் இருந்தது.

இருங்க. ரிங் போகுது.

போகுது.

அதோ, அந்தக் கன்டெய்னர். ஓரமா இழுத்துட்டாங்க. இனி நிக்காது.

ரிங் போய்க்கிட்டே இருக்கு சார். கையிலதான் வச்சிருப்பா. படியில உட்கார்ந்திருப்பா, பையை மடியில வச்சுக்கிட்டு. இல்ல, அது தெரியாது. நடந்துக்கிட்டு இருக்கலாம். தெரியாது. ஆனா எடுக்க மாட்டா. எடுத்தா நான் என்ன சொல்வேன்னு அவளுக்குத் தெரியும்.

எனக்கா? என்ன சொல்வேன்னா கேக்கறீங்க?

தெரியலைங்களே சார்.